செல்லோ கற்பதும் கற்பித்துப் பிழைப்பதும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்த கீழ்க்குரல் வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் இதைக் கற்க விரும்புகிறவர்களும், கற்றபின் இதையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. கருவியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறோம். ஆசிரியரும் பழுது பார்ப்பவரும் பக்கத்தில் இல்லாத ஊரில் பாதித் தொல்லை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

என் மகனுக்கு 7 வயது. இப்போதே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். வயதைவிட உயரம்தான் முக்கியம். மூன்றரை அடி முதல் நான்கு அடி வரை 1/4 அளவு, நான்கு முதல் நாலரை அடி வரை 1/2, நாலரை முதல் ஐந்து அடி வரை 3/4, அதற்கு மேல் முழு அளவு. இது தோராயக் கணக்கு. உட்கார வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: இடது கையின் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் முதல் நிலையில் (கழுத்தின் மேல்முனையை ஒட்டிக் கை இருக்கும்போது) சிரமமில்லாமல் விரிய வேண்டும், தோள் தூக்கிக்கொள்ளக் கூடாது.

"வளர்ற பையன்தானே, பெரிசாவே வாங்கிடலாம்" என்பது செருப்பு வாங்கும் கணக்கு. செல்லோவுக்கு அது ஆகாது. எட்டாத சுரத்துக்கு மணிக்கட்டை முறுக்கிப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் போய்விடும்.

பெரியவர்களும் தாராளமாக ஆரம்பிக்கலாம். 35 வயதில் தொடங்குகிறவர் மேடைக் கச்சேரிக்காரர் ஆவது கடினம். ஆனால் நான்கு வருடம் ஒழுங்காக உழைத்தால் சேர்ந்திசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசிக்க முடியும்.

கர்நாடக வயலின் கற்ற பெண் செல்லோவுக்கு மாறினால் பழையது உதவுமா?

காது உதவும், கை உதவாது. சுருதி ஞானமும் வில்லைச் சீராக இழுக்கும் பழக்கமும் பெரிய முதல். மற்றவை எல்லாம் வேறு. வயலினில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 32.5 செ.மீ.; முழு அளவு செல்லோவில் 69–70 செ.மீ. திறந்த தந்திக்கு மேல் ஒரு முழுச் சுரம் வாசிக்க வயலினில் விரலை மூன்றரை செ.மீ. தள்ளி வைத்தால் போதும். செல்லோவில் ஏழரை செ.மீ. ஆகிறது. அதனால் வயலினில் விரலுக்கு ஒரு சுரம் என்று வைக்கும் இடத்தில், செல்லோவில் விரலுக்கு அரைச் சுரம். முதல் நிலையில் டி தந்தியில் முதல் விரல் ஈ, இரண்டாவது எஃப், மூன்றாவது எஃப் ஷார்ப், நான்காவது ஜி. பெரிய இடைவெளிக்கு ஆள்காட்டி விரலைப் பின்னோக்கி நீட்டியோ, கட்டைவிரலோடு கையையே முன்னே நகர்த்தியோ வாசிக்க வேண்டும்.

தந்தி வரிசையும் வில் பிடிக்கும் கைக்குத் தலைகீழாக இருக்கும். வயலினில் கீழ்த்தந்திக்குப் போக முழங்கை உயரும். செல்லோவில் மேல்தந்தியான ஏ தந்திக்குத்தான் முழங்கை உயரும், சி தந்திக்குக் கை உடம்பை ஒட்டி இறங்கும். முதல் இரண்டு மாதம் இது குழப்பத்தான் செய்யும். வில்லும் கனம்: வயலின் வில் சுமார் 60 கிராம், செல்லோ வில் 80 கிராம்.

சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ. நம் கணக்கில் 1 கட்டை, 5 கட்டை, 2 கட்டை, 6 கட்டை. டி மேஜர் ஸ்கேல் பழகும்போது பெட்டியை 2 கட்டையில் வைத்துக்கொண்டால், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலே சுரம் பிசகுவது காதில் விழும். டியூனர் செயலியின் பச்சை விளக்கைப் பார்த்து விரல் வைக்கிறவர்களுக்குக் கண் பழகுமே தவிர காது பழகாது.

இங்கே எங்கே கற்றுக்கொள்வது?

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், வீணை, மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என்றுதான் பாடப்பிரிவுகள், செல்லோ கிடையாது. ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு 40 கி.மீ. தான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90, தருமபுரியிலிருந்து சுமார் 135. பெங்களூரு ஸ்கூல் ஆஃப் மியூசிக் 1987-இல் தொடங்கியது, சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டுமுன், அந்தப் பருவத்தில் செல்லோ ஆசிரியர் யார், வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டுவிடுங்கள். வயலின் ஆசிரியரே செல்லோவையும் "பார்த்துக்கொள்ளும்" இடங்கள் உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு அப்படிப்பட்ட இடம் வேண்டாம்.

நடைமுறையில் எங்கள் பகுதிக்குச் சரிப்பட்டு வருவது கலப்பு முறை: மாதம் இரண்டு முறை நேரில், மற்ற வாரங்களில் ஆன்லைனில். முதல் மூன்று மாதம் மட்டும் வாரா வாரம் நேரில் போயே ஆகவேண்டும். வில் பிடியை ஆசிரியர் தொட்டுத்தான் திருத்த முடியும்.

ஆன்லைன் வகுப்பில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. நெட் கோளாறா?

பெரும்பாலும் நெட் இல்லை. வீடியோ செயலிகள் மனிதக் குரலைத் தவிர மற்றதை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். நீளமாக இழுக்கும் செல்லோ நாதம் மின்விசிறிச் சத்தம் மாதிரி அதற்குத் தோன்றும். இரண்டு விநாடியில் காணாமல் போகும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கினால் இது சரியாகும். இரு பக்கமும் இயர்போன் அவசியம். திறந்த சி தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, அதன் மேற்சுரங்கள் மட்டும்தான் கேட்கும்.

போனை மேசையில் சாய்த்து வைத்தால் ஆசிரியருக்கு உங்கள் மோவாய்தான் தெரியும். பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலம்) உயரத்தில், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, உங்கள் வலப்பக்கம் சற்றுச் சாய்வாக வையுங்கள். வில் தந்திக்குக் குறுக்காக நேரே போகிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். இருவரும் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஒலி வந்துசேரத் தாமதமாகும், தாளம் கூடாது.

முதல் செல்லோ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மேல்பலகை ஸ்புரூஸ், அடியும் பக்கங்களும் மேப்பிள், விரல்பலகை கருங்காலி. இதுதான் இலக்கணம். விலை குறைந்தவற்றில் மேல்பலகையே ஒட்டுப்பலகையாக இருக்கும், விரல்பலகை கறுப்புச் சாயம் பூசிய மெதுமரமாக இருக்கும். ஒட்டுப்பலகையை எஃப் வடிவத் துளையின் ஓரத்தில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். ஒட்டுப்பலகை என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம். நாதம் சுமார்தான், ஆனால் வெயிலில் வெடிக்காது. இரண்டு வருடத்துக்குப் பிள்ளை தொடருமா என்று தெரியாத வீட்டுக்கு அதுவே போதும். சாயம் பூசிய விரல்பலகை அப்படியல்ல. சீக்கிரம் பள்ளம் விழுந்து தந்தி இரையத் தொடங்கும்.

பிரிட்ஜின் இரண்டு கால்களும் எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக, இடைவெளி இல்லாமல் பலகையில் படிந்திருக்க வேண்டும். விரல்பலகையின் முடிவில் தந்தி உயரம் ஏ தந்திக்கு 5 மி.மீ. அளவிலும், சி தந்திக்கு 7–8 மி.மீ. அளவிலும் இருந்தால் பிள்ளையின் விரல் தாங்கும். பெட்டியைப் பிரித்த புதுக் கருவிகளில் 10 மி.மீ. வரைகூட இருக்கும், பிரிட்ஜைச் செதுக்காமல் விற்றுவிடுகிறார்கள். அந்தக் கருவியில் வாசிக்கும் பிள்ளை "விரல் வலிக்குது" என்று இரண்டாவது மாதம் நிறுத்திக்கொண்டால் அது சோம்பல் இல்லை. கருவியின் விலையோடு, அதை ஒழுங்குபடுத்தும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய கருவி என்றால் விரல் முட்டியால் ஓரம் முழுக்க லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் பிரிந்து, சலசலவென்று கேட்கும். ஒட்டு விட்டதைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம், பயமில்லை. பிரிட்ஜின் ஏ பக்கக் காலுக்குக் கீழே மேல்பலகையிலோ அடிப்பலகையிலோ நீள விரிசல் இருந்தால் மட்டும் வாங்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி அங்கேதான் அழுத்துகிறது. அதைச் சீர்செய்யும் செலவு கருவியின் விலையைத் தாண்டும்.

நாற்காலி, ஸ்பைக் (அடியில் தரையில் ஊன்றும் கம்பி) விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டில் இருக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், கைப்பிடி வில்லைத் தடுக்கும். கைப்பிடி இல்லாத, இருக்கை சமமான மர நாற்காலியோ ஸ்டூலோ வேண்டும். முன்பாதியில் உட்கார்ந்து, இரு பாதமும் தரையில் முழுமையாகப் பதிய, தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்க வேண்டும். செல்லோவின் மேல் ஓரம் நெஞ்செலும்பில் சாயும். சி தந்தியின் பெக் (தந்தியை முறுக்கும் முளை) இடது காதுக்குப் பின்னால் வரும். அது காதில் இடித்தால் ஸ்பைக்கின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். கழுத்தைச் சாய்க்காதீர்கள்.

டைல்ஸ் தரையில் ஸ்பைக் வழுக்கும். ரப்பர் வட்டு கிடைக்கிறது, ஆனால் நம் வீட்டுத் தூசியில் ஒரு வாரத்தில் அதுவும் வழுக்க ஆரம்பித்துவிடும். உறுதியானது பட்டைதான். பழைய பெல்ட்டின் ஒரு முனையை நாற்காலியின் முன்காலில் மாட்டி, மறுமுனையில் ஸ்பைக் நுனி உட்காரத் துளை போட்டுக்கொள்ளுங்கள். துளைகள் மூன்று நான்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும்.

கோடையில் பெக் நிற்கவே மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் திருகவே முடியவில்லை. ஏன்?

பெக்கும் மரம், அது செருகியிருக்கும் பெட்டியும் மரம். காற்றில் ஈரம் குறைந்தால் பெக் சுருங்கி வழுக்கும், ஈரம் ஏறினால் உப்பி இறுகும். தருமபுரியில் பிப்ரவரி முதல் மே வரை வழுக்கும் காலம், ஐப்பசி கார்த்திகையில் இறுகும் காலம். ஓசூர் மேட்டில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைவு. செல்லோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிக் கருவிப் பெட்டிக்குள் வையுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

வழுக்கும் பெக்கை உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் வெளியே எடுத்து, உரசும் இரண்டு வளையங்களிலும் பெக் பேஸ்ட் தடவலாம். இல்லாவிட்டால் சாதாரணச் சாக்பீஸ் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் மட்டும் கூடாது. இறுகிய பெக்கை இடுக்கி போட்டுத் திருகினால் தலை கையோடு வந்துவிடும். கருவியைப் பெட்டியில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு ஒரு நாள் விடுங்கள், தானாக இளகும்.

குளிர்சாதன அறையில் ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் செல்லோவை வைக்காதீர்கள். நிறுத்தி வைத்த காரில் வைத்துவிட்டுப் போவது அதைவிடக் கேடு. கருவியை ஒட்டியிருப்பது மிருகத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. சூட்டில் இளகி ஓரம் பிரிந்துவிடும். பிரிந்தால் தச்சர் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைப் போட விடாதீர்கள். பிற்காலத்தில் திறக்க வேண்டிய இடத்தை அது நிரந்தரமாகப் பூட்டிவிடும்.

தந்தியை நானே மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு தந்தி. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் அழுத்தம் போய் சவுண்ட் போஸ்ட் சாயும், பிரிட்ஜ் விழும்.

பழைய தந்தியைக் கழற்றியதும் பிரிட்ஜிலும் மேல்முனைக் கட்டையிலும் உள்ள பள்ளத்தில் மென்மையான பென்சிலைத் தேய்த்துவிடுங்கள். தந்தி சிக்காமல் நகரும். தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸில் மாட்டி, பெக் துளையில் நுழைத்து, சுற்றுகள் பெக்கின் கைப்பிடிப் பக்கச் சுவரை நோக்கி வரிசையாகப் போகும்படி சுற்றுங்கள். ஏற்றும்போது பிரிட்ஜின் தலை விரல்பலகைப் பக்கம் இழுபடும். அரைச் சுரம் ஏற்றுவதும், பிரிட்ஜைப் பார்த்து நேராக்குவதுமாகப் போக வேண்டும். டெயில்பீஸைப் பார்த்த அதன் முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்த பிரிட்ஜை ஒரு மாதம் அப்படியே விட்டால் நிரந்தரமாக வளைந்துவிடும்.

ஏ தந்திதான் முதலில் தேயும். மற்றவை நன்றாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். தொழில்முறைக் கலைஞர்கள் பலர் மேல் இரண்டுக்கு லார்சன் அல்லது யார்கர், கீழ் இரண்டுக்கு ஸ்பைரோகோர் என்று தந்தி வகைகளைக் கலந்து போடுவார்கள். ஆரம்ப மாணவருக்கு அந்தச் செலவு வீண்.

உள்ளே ஏதோ குச்சி உருளுகிறது.

அதுதான் சவுண்ட் போஸ்ட். பிரிட்ஜின் ஏ பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒட்டாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் மரக்குச்சி. அது விழுந்த நிலையில் தந்திகள் முறுக்கோடு இருந்தால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். உடனே நான்கு தந்தியையும் தளர்த்துங்கள். வாசிக்காதீர்கள். எஃப் துளை வழியாகக் கம்பி விட்டு நிமிர்த்தும் முயற்சி வேண்டாம்; துளை ஓரம் சிதையும். பெங்களூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோய், வயலின் குடும்பக் கருவிகளுக்குப் போஸ்ட் நிறுத்தும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் அந்தக் கருவி இருக்காது.

வில்லுக்கு எவ்வளவு ரோசின்? சத்தமே வரவில்லை.

புது வில்லில் ரோசின் (வில்முடி தந்தியைப் பற்றத் தேய்க்கும் பிசின் கட்டி) துளியும் இருக்காது, சத்தமே வராது. முதல் தடவை முடி முழுவதும் முப்பது நாற்பது முறை தேய்க்க வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு இழுப்பு போதும். வாசிக்கும்போது வெள்ளைத் தூள் பறந்தால் அதிகம். முடித்ததும் தந்தியையும் பலகையையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் தூள் வார்னிஷில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

முடியை விரலால் தொடக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, அதே கையால் வில்முடியைத் தடவிப் பார்க்காத பிள்ளை கிடையாது. எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது, வில் அந்த இடத்தில் மட்டும் வழுக்கும். ஆசிரியர் "வில்லு நடுவுல சத்தம் ஏன் போகுது?" என்று கேட்பார். வகுப்புக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வழக்கமாக்குங்கள்.

வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்த வேண்டும். முறுக்கோடு விட்ட வில் நாளடைவில் வளைவை இழக்கும். தினமும் வாசிப்பவர் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முடி மாற்ற வேண்டும்.

ஒரே ஒரு சுரம் மட்டும் உறுமி நடுங்குகிறது. கருவி பழுதா?

இல்லை. கருவி உடம்பின் இயல்பான அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. ஈ முதல் எஃப் ஷார்ப் வரையான பகுதியில், பெரும்பாலும் ஜி, சி தந்திகளின் மேல்நிலைகளில் தலைகாட்டும். நல்ல கருவிகளிலும் உண்டு. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே ஜி தந்தியில் சிறிய பித்தளைக் குழாய் மாட்டி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் அடங்கும். குழாய் கையில் இல்லாதபோது, வலது முழங்காலால் கருவியின் பக்கத்தை லேசாக அழுத்திச் சமாளிக்கலாம்.

தினமும் எவ்வளவு நேரம் பழக வேண்டும்?

முதல் வருடம் 30–40 நிமிடம். தேர்வுக் கணக்கில் நான்காம் கிரேடு அளவில் ஒன்றரை மணி. தொழிலாக எடுக்க நினைக்கும் பதினாறு வயதுக்கு நான்கு மணி. அதுவும் 50 நிமிடத்துக்கு 10 நிமிட ஓய்வோடு.

நேரத்தைவிட வரிசை முக்கியம். 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் திறந்த தந்திகளில் மெட்ரோனோம் 60-இல் வில்லுக்கு நான்கு எண்ணிக்கை, அப்புறம் எட்டு. சத்தம் விசிலடித்தால் வில் கனமில்லாமல் வேகமாக ஓடுகிறது. கரகரத்தால் மெதுவாக, அழுத்தி, பிரிட்ஜுக்கு மிக அருகில் போகிறது. பிறகு சுருதிப் பெட்டியோடு பத்து நிமிடம் ஸ்கேல், பத்து நிமிடம் பயிற்சிப்பாடம், மீதி பாட்டு. பாட்டில் தப்பு வரும் இரண்டு தாளக்கட்டங்களை மட்டும் பிரித்து எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முதல் வரி பிரமாதமாக வரும், கடைசி வரி வராது.

வலி வந்தால் நிறுத்துங்கள். பெரும்பாலும் இடது கட்டைவிரல் கருவியின் கழுத்தை நெரிப்பதுதான் காரணம். வாசிக்கும்போதே கட்டைவிரலை எடுத்துப் பாருங்கள். சுரம் அப்படியே நின்றால் சரி, விழுந்தால் இத்தனை நாளும் கையின் கனத்தை விட்டுவிட்டு இடுக்கிப் பிடித்தே வாசித்திருக்கிறீர்கள். நகம் வளர்க்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பஸ்ஸில், ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?

பெட்டியோடு சேர்த்துச் சுமார் 135 செ.மீ. உயரம். பஸ்ஸின் கூரையும் வேண்டாம், அடியில் இருக்கும் டிக்கியும் வேண்டாம். கோடையில் டிக்கி அடுப்பு. கடைசி சீட்டுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் கேட்டால் லக்கேஜ் டிக்கெட் வாங்கிவிடுங்கள். தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் பக்கம் போகிறவர்கள் வளைவுகளில் கையை எடுக்க வேண்டாம். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்குச் சேலம்–பெங்களூரு ரயில் பாதை இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லாததால் பஸ்தான். துணி உறையில் இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், பிரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் எதுவும் சாயக் கூடாது. விமானத்தில் செல்லோவுக்கும் ஒரு சீட் வாங்க வேண்டும்.

கிரேடு தேர்வு எழுதியே ஆகவேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் ஆசிரியர் தூரத்தில் இருக்கும்போது பாடத்திட்டம் ஒன்று கையில் இருப்பது நல்லது. இந்தியாவில் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இரண்டு லண்டன் அமைப்புகள் நடத்துகின்றன. இரண்டிலும் ஆரம்பநிலைக்கு மேல் எட்டு கிரேடுகள். டிரினிட்டியில் 100-க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேர்முகத் தேர்வில் மொத்தம் 150. தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. அதில் ஆறாம் கிரேடுக்குப் போகுமுன் ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு ஒரு வருடம் இழப்பவர்கள் நிறைய.

இங்கே உண்மையான தடை பக்கவாத்தியம். பியானோ வாசிப்பவர் கிடைப்பது அரிது. சர்ச் கீபோர்டு வாசிப்பவரைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறோம். அவர்கள் பாட்டுக்காரரின் சுருதிக்காக டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி வைத்திருப்பார்கள். ஒத்திகை தொடங்குமுன் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது மூன்று ஒத்திகை வேண்டும்.

இதில் பிழைக்க முடியுமா? நேராகச் சொல்லுங்கள்.

வாசிப்பை மட்டும் நம்பி இந்த மாவட்டங்களில் முடியாது. இந்தியாவின் தொழில்முறை சிம்பனி இசைக்குழு என்று சொல்லத்தக்கது மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் அதிகம். இங்கிருந்து செல்லோக்காரர் குடும்பம் நடத்துவது கற்பித்துத்தான்; கூடவே ஒலிப்பதிவு, திருமண வரவேற்பு, கிறிஸ்துமஸ் காலத்துச் சர்ச் நிகழ்ச்சி.

இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. யானோஸ் ஸ்டார்க்கர் என்ற செல்லோக்காரர் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் முதல் செல்லோவாக இருந்துவிட்டு, 1958 முதல் 2013-இல் இறக்கும்வரை இண்டியானா பல்கலைக்கழகத்தோடு ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலேயச் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே நரம்பு நோயால் 1973-இல் மேடையை விட்ட பிறகும் பாடம் சொன்னார். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ், இசையமைப்பாளர் பாக்கின் தனிச்செல்லோ தொகுப்புகளை 1890-இல், 13 வயதில், பார்சிலோனாக் கடை ஒன்றில் கண்டெடுத்தவர். மேடையில் முழுத் தொகுப்பை வாசிக்கப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவர் காலத்து மாணவர்கள் வலது அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகினார்கள். கையை விடுவித்தது அவர்தான். நூறு வருடம் தாண்டியும் "முழங்கையை ஒட்டி வை" என்று சொல்லும் ஆசிரியர் யாராவது இருந்தால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.

சினிமா ஒலிப்பதிவுக்குப் போக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சுரக்குறிப்பைப் பார்த்ததும் வாசிக்கத் தெரியவேண்டும். பேஸ் கிளெஃப் (கீழ்ச்சுரங்களுக்கான குறி) மட்டும் போதாது, டெனார் கிளெஃப்பும் (மேல்சுரங்களுக்கானது) தடுமாறாமல் வரவேண்டும். ஒரு காதில் தாளத்துக்கான கிளிக் சத்தம் ஓட, பக்கத்தில் இருப்பவரோடு ஒரே சுருதியில், ஒரே அளவு வில்லில் நீளச் சுரங்களை வாசிப்பதே பெரும்பாலான வேலை. கணினியில் சேமித்த சாம்பிள் நாதங்கள் வந்தபின் நேரடித் தந்தி வாத்தியக்காரர்களுக்கு அழைப்பு முன்போல இல்லை. அதே தொழில்நுட்பத்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பும் வேலை வருகிறது. மைக்கைப் பிரிட்ஜ் உயரத்தில் முக்கால் மீட்டர் தள்ளி வையுங்கள். பின்சுவரில் மெத்தையைச் சாத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக, எந்த எஃபெக்டும் போடாமல் அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இளங்கலை படிக்க எப்போது தயாராக வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடிந்தவுடன். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு விண்ணப்பமும் முதல்கட்ட வீடியோவும் டிசம்பர் தொடக்கத்துக்குள் போயாக வேண்டும். வழக்கமாகக் கேட்பது பாக் தொகுப்பிலிருந்து மாறுபட்ட இரண்டு பகுதிகள், செல்லோவுக்குப் பயிற்சிகள் எழுதிய பாப்பர் அல்லது பியாட்டியின் ஒரு பயிற்சிப்பாடம், ஒரு கான்செர்ட்டோவின் (இசைக்குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பின்) முதல் பகுதி. பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வும் அதே மாதம்தான். பதிவை தீபாவளிக்கு முன் முடித்துவிடுங்கள்.

கற்பிக்கத் தொடங்குகிறேன். கட்டணத்தை எப்படி வைப்பது?

வகுப்புக்கு இவ்வளவு என்று வைத்தால் பிள்ளைக்குச் சளி பிடித்த வாரமெல்லாம் உங்களுக்கு நட்டம். மாதக் கட்டணம், மாதம் நான்கு வகுப்பு, முன்பணம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 20 மாணவர்கள், வாரம் ஆளுக்கு 45 நிமிடம் என்றால் 15 மணி நேரம். கேட்கக் குறைவாகத் தெரியும். பயணமும், ஒவ்வொரு கருவிக்கும் சுருதி சேர்க்கும் நேரமும் சேர்ந்தால் இருமடங்காகும்.

ஜனவரி வந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஏப்ரல் முடியும்வரை வரமாட்டார்கள், சிலர் திரும்பவே மாட்டார்கள். வீட்டுச் செலவைப் பத்து மாத வருமானத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் வகுப்பைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 30 நிமிடமாகக் குறைத்துத் தருகிற ஆசிரியருக்கு மாணவர் மிஞ்சுகிறார்கள். விடாப்பிடியாக முழு வகுப்புக் கேட்கிறவருக்கு மிஞ்சுவதில்லை.

செல்லோவில் கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா?

முடியும். வீணையில் இருப்பதுபோல விரல்பலகையில் மெட்டு கிடையாது, அதனால் கமகம் வரும். தந்தி நீளமானதால் ஜாரு (வழுக்கி ஏறி இறங்குவது) அழகாக விழும்; வேகப் பிருகா சிரமம். தரையில் உட்கார வசதியாகச் சிறிய உடலும், ஐந்து தந்திகளும், கூடவே அனுதாபத் தந்திகளும் (தொடாமலே கூட அதிர்பவை) கொண்ட இந்தியச் செல்லோவை சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் ஹிந்துஸ்தானி இசைக்காக உருவாக்கி வாசிக்கிறார். 

பள்ளியில் இரண்டு செல்லோ, ஐந்து பிள்ளைகளோடு குழு வகுப்பு கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

40 நிமிட வகுப்பில் ஒரு பிள்ளையின் கையில் செல்லோ இருப்பது 16 நிமிடம். அது போதும், மற்ற மூவரையும் சும்மா உட்கார வைக்காமல் இருந்தால். அவர்களுக்குப் பென்சிலில் வில் பிடி, தாளம் போட்டு சுரம் படித்தல், பக்கத்துப் பிள்ளையின் வில் நேராகப் போகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. இரண்டு கருவியும் ஒரே அளவாக இருக்கட்டும், பிள்ளைகளை அந்த உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: வருடத்துக்கு ஒரு செட் தந்தி பள்ளி வாங்கித் தரும், கருவி வெயில் படாத, பூட்டிய அறையில் இருக்கும், ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் முன்பே சொல்வார்கள். மூன்றாவதை எழுதி வாங்காவிட்டால் டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு சினிமாப் பாட்டு கேட்பார்கள்.